தூரம் எவ்வளவு என்று கேட்டார்கள்

1

பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸப் குழுவில் போன வாரம் குமுதா ஒரு கேள்வி போட்டாள். பெண்ணாடத்தில் வாக்கப்பட்டு, கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டி உயிர் பிழைத்து வருகிறவள். "ஏண்டி அரசி, ஃபாரின்ல பக்க விளைவே இல்லாத மாத்திர இருக்குதாமே, குழந்த தள்ளிப் போடறதுக்கு? பேரு என்னான்னு போடு. இங்க குடுத்தது எனக்குத் தலையே வெடிக்குது." கேள்வி வந்த கையோடு நாலைந்து பேர் எனக்கும் எனக்கும் என்று வரிசையில் வந்து நின்றார்கள். ஃபாரினில் எல்லாவற்றுக்கும் வலிக்காத மருந்து ஒன்று இருக்கிறது என்று நம் ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

குழுவிலேயே பதில் எழுதலாம் என்றால் அதில் எங்கள் பழைய கணக்கு டீச்சரும் இருக்கிறார். தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ அனுப்புகிறவர். அவருடைய ரோஜாப்பூவுக்குக் கீழே என் கர்ப்பப்பையைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், குமுதா. அப்படி ஒரு மாத்திரை கிடையாது. இருந்திருந்தால் நான் இத்தனை நாள் கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறத்தில் உடுப்பே வாங்காமல் இருந்திருக்க மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் தமிழரசி. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெரு. அப்பா பீங்கான் பியூஸ் கட்டை சுடுகிற யூனிட்டில் சூளை பார்த்தவர். கணவர் சரவணனும் அதே ஊர்தான், செராமிக் படித்தவர். இப்போது இங்கிலாந்தின் பீங்கான் ஊரான ஸ்டோக்கில் இருக்கிறோம். அவருக்கு டைல் கம்பெனியில் பரிசோதனைக்கூட வேலை. எம்.எஸ்ஸி. படித்த எனக்கு முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிற வேலை. எங்கள் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது.

இதை எழுதும்போது சரவணன் சோபாவில் மல்லாந்து படுத்து, துண்டில் சுற்றிய உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதையும் வரும்.

2

இனியா பிறந்த பிறகு இன்னொன்று வேண்டாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மட்டும் எப்படியோ எனக்கு வந்து சேர்ந்தது. "நாம ஏதாவது பண்ணிக்கணும் அரசி" என்றார் சரவணன். அந்த 'நாம'வில் அவர் எங்கே இருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலில் மாத்திரை. ஒரு கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து ஆணி அடிப்பது போன்ற தலைவலி வந்தது. அதை நிறுத்தி வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். முதியோர் இல்லத்தில் ஷிப்டு மாறி மாறி வருகிறவளுக்கு ஒரே நேரம் என்பது எங்கே இருக்கிறது? யாராவது ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது போனில் அலாரம் அடிக்கும். கையெல்லாம் சோப்பு. அதற்குப் பிறகுதான் கையில் குச்சி வைத்தார்கள். வத்திக்குச்சி அளவுதான். மேல்கையின் உட்புறத்தில் தோலுக்கடியில் செருகிவிடுவார்கள், மூன்று வருஷம் கவலையில்லை என்றாள் நர்ஸ். கவலை இல்லாதது யாருக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

குச்சி வைத்த பிறகு இரத்தம் நிற்கவே இல்லை. கொட்டாது. ஆனால் நிற்கவும் நிற்காது. ஒரு வாரம் ஓய்ந்ததுபோல் பாவனை காட்டும், நான் நம்பிக்கையாக வெளிர் நீல யூனிஃபார்ம் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன், பஸ்ஸில் பாதி வழியில் மறுபடி வரும். பையில் எப்போதும் ஒரு மாற்றுப் பேண்ட். படுக்கையில் எப்போதும் ஒரு பழைய துண்டு. இந்தியக் கடையில் உறைய வைத்த முருங்கைக்கீரை வாங்கி, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினேன். கீரை கொஞ்சம் கொடுத்தது, குச்சி நிறைய எடுத்தது.

சரவணன் மருந்துச் சீட்டைப் படித்துப் பார்த்தார். படிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. "'சிலருக்கு வரலாம்'னுதானே போட்டிருக்காங்க. எல்லாருக்கும்னு போடலயே" என்றார்.

"அந்தச் சிலர்ல நான் ஒருத்திங்க."

"கொஞ்ச நாள் பாப்போம். ஒடம்பு பழகிடும்."

இந்த மனுஷன் வேலை செய்யும் இடத்தில், ஒரு டைலின் மெருகில் ஊசிமுனை அளவு பொத்தல் இருந்தால் ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். சூளையை நிறுத்தச் சொல்வார். கலவையை மாற்றச் சொல்வார். டைலைப் பார்த்து 'பழகிடும்' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

3

இங்கே டாக்டரைப் பார்ப்பது என்பது நம் ஊர்போல் கிளினிக் வாசலில் டோக்கன் வாங்கி உட்காருவது அல்ல. காலையில் போன் லைன் திறக்கும் நேரத்துக்கு ஊரே ஒன்றாகப் போன் செய்யும். பாட்டு கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும். பாட்டு முடிந்தால் வரவேற்பறைப் பெண் வருவாள். "சாரி டக், இன்னிக்கு எல்லாம் ஃபுல்லு, நாளைக்கு அடிச்சுப் பாரு." டக் என்றால் வாத்து. இந்த ஊரில் பாசமாக எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ் டிரைவருக்கு நான் வாத்து, காய்கறிக் கடைக்காரருக்கு வாத்து, இரத்தம் வடிய வடிய வரிசையில் நின்றாலும் வாத்து. வந்த புதிதில் அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

ஒருவழியாக ஒரு டாக்டர் போனிலேயே பேசினார். ஆம்பளை டாக்டர். நான் வெட்கத்தை விட்டுவிட்டு, நம் ஊரில் எல்லாப் பெண்களும் லேடி டாக்டரிடம் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னேன். "டாக்டர், ஓவர் ப்ளீடிங்."

"ஓவர்?" என்றார்.

"எஸ் டாக்டர். ஓவர். ஃபுல்லி ஓவர்."

"ஓ, தட்ஸ் குட் நியூஸ்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உடம்பில் இரத்தமே இல்லாமல் போகிறது என்கிறேன், இவனுக்கு நல்ல சேதியாமே என்று வெள்ளைக்காரர்களின் கல் மனசைப் பற்றி சரவணனிடம் அன்று மாலை முழுக்கப் பொரிந்து தள்ளினேன். இனியா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அம்மா, ஓவர்னா முடிஞ்சு போச்சு. நீ ஹெவினு சொல்லணும்" என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை. அவளுக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் என் பெயருக்கு நேரே 'இரத்தப்போக்கு நின்றுவிட்டது' என்று எழுதி வைத்திருக்கிறார் என்பது மட்டும் அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து அப்பா தெருவுக்கே முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

4

நம் ஊரில் இந்த மருந்துகள் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகத் தெரியும். வேறு பெயரில் தெரியும்.

என் அக்கா கல்யாணம் மாசி மகத்தை ஒட்டி வந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. வீடு முழுக்க ஜனம், பந்தக்கால், சாமி கும்பிடுவது, கோயில். அந்த நேரம் பார்த்து நான் தூரமானால் எல்லாம் கெட்டுவிடும் என்று அம்மாவுக்குக் கவலை. என்னைக் கூட்டிக்கொண்டு ஜங்ஷன் ரோட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். கடையில் இருந்தவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். அம்மா குரலைக் கூடத் தாழ்த்தவில்லை.

"பாப்பாவுக்குத் தள்ளிப் போடற மாத்திர குடுங்க. வூட்ல விசேஷம்."

அவர் வயசு கேட்கவில்லை, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையிலிருந்து கத்தரித்து, பேப்பரில் மடித்துக் கொடுத்தார். "திருவிழா சீசன்ல இதான்மா நல்லா ஓடுது" என்று வியாபாரம் வேறு பேசினார். கல்யாணத்தன்று காலையில் நான் பந்தலுக்குப் பின்னால் குனிந்து குனிந்து வாந்தியெடுத்தேன். மார்பு கல்லாகக் கனத்தது. யாரைப் பார்த்தாலும் அழுகை வந்தது. அக்கா பிரிவை நினைத்து அழுகிறேன் என்றார்கள் பெண்கள். கண்ணு பட்டுவிட்டது என்று ஒரு சித்தி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். மாத்திரையைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. அது மருந்தே அல்லவே, வாழைமரம், மாவிலை மாதிரி அதுவும் விசேஷச் சாமான்.

ஆக, சாமிக்காகத் தள்ளிப் போட்டால் மெடிக்கல் ஷாப்பில் சத்தமாகக் கேட்கலாம். நாலு பேர் பார்க்க வாங்கலாம். அதே மருந்தை ஒரு பெண் தனக்காகக் கேட்டால், கடைக்காரர் அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்பார். குமுதா, உனக்குத் தெரியும்.

5

இந்த முறை 'ஹெவி' என்ற வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போன் செய்தேன். நேரில் வரச் சொன்னார்கள். ஒரு இளம் பெண் டாக்டர். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுவும் என் மடத்தனம். குச்சியை எடுத்துவிடுங்கள் என்றேன். அவசரப்பட வேண்டாம், மூன்று மாதமாவது பார்க்கலாம், அதுவரை இரத்தத்தை நிறுத்த இதைச் சாப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் வாங்கி வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, மருந்தின் பெயரைப் படித்தேன்.

ஜங்ஷன் ரோட்டு மாத்திரை. அச்சு அசலாக அதே மருந்து. பேப்பரில் மடித்துக் கொடுப்பதற்குப் பதில் பெட்டியில் போட்டு, உள்ளே போர்வை மாதிரி ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஏழு கடல் தாண்டி வந்து, வரிசையில் நின்று, வாத்து என்று பெயர் வாங்கி, கடைசியில் எனக்குக் கிடைத்தது அக்கா கல்யாணத்து வாந்தி.

இரத்தம் நின்றது. ஆனால் நான் நான்காகப் பிளந்துபோனேன். கோபம் என்றால் இப்படியொரு கோபம் எனக்கு வந்ததில்லை. தோசை பிய்ந்தால் கரண்டியை வீசினேன். முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து நன்றி சொன்னதற்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாத்திரை தீர்ந்ததும் இரத்தம் மறுபடி வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

இனியா பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல் எதிர்வீட்டுத் தோழி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் விளையாடப் போகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் கூப்பிடப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. சுத்தமான இந்த ஊர் ஆங்கிலம், வாத்து உட்பட. "எங்க அம்மா இன்னிக்கு எப்படி இருக்காங்கன்னு தெரியல, இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டுமா டக்?" என்று தோழியின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மணி, "இரு டக், எவ்வளவு நேரம் வேணும்னாலும் இரு" என்றாள்.

பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள், தோசையை மறக்கிறார்கள் என்று புலம்பெயர்ந்தவர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். என் பிள்ளை தமிழுக்குப் பயந்து எதிர்வீட்டில் உட்காரவில்லை. எனக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாசலில் நின்றபோது, இந்தக் குச்சி கையில் இருக்கும்வரை என் மகள் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டாள் என்று தோன்றியது. அன்றிரவு சரவணனிடம் அழுதுகொண்டே சொன்னேன். மூணு மாசம்தானே சொன்னாங்க, பாப்போமே என்றார்.

6

இங்கே எங்கள் ஊர்க் கொளஞ்சியப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணவாளநல்லூர் முருகன். மற்ற ஊர்களில் சாமியிடம் வேண்டிக்கொள்வார்கள். நாங்கள் புகார் கொடுப்போம். பிராது கட்டுவது என்று பெயர். யார், எந்த ஊர், யார் மேல் புகார், என்ன குறை என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவதுபோலக் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். கம்மாபுரம் பக்கத்து நிலத் தகராறு, ஸ்ரீமுஷ்ணத்தில் காணாமல் போன நகை, ஓடிப்போன புருஷன், எல்லாம் அங்கேதான் தொங்கும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் திரும்பப் போய் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் கேஸ் நிலுவையிலேயே இருக்கும். புகார் கொடுப்பவரின் ஊர் கோயிலிலிருந்து எவ்வளவு தூரமோ, அந்தத் தூரத்துக்கு ஏற்ப ஒரு சிறு கட்டணம் உண்டு.

அம்மாவுக்கு என் குச்சி, மாத்திரை எதுவும் தெரியாது. அடுத்தது எப்போது, பேரன் எப்போது என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாள், பாத்துக்கலாம்மா என்று நானும் ஒப்பேற்றுவேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பேரன் வேண்டி என் பெயரில் பிராது கட்டக் கிளம்பிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை. சரவணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு அன்று மறுபடி மோசமாக இருந்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன். அம்மாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் மணிச் சத்தம், ஜனச் சத்தம்.

"ஏண்டி அரசி, கேக்குதா? தூரம் எவ்ளோன்னு கேக்கறாங்க."

என் தலையில் வேறு நினைப்பே இல்லாத நாட்கள் அவை. இந்த மனுஷன்தான் அம்மாவிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன்.

"நிக்கவே மாட்டேங்குதும்மா. ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. கையில குச்சி வெச்சிருக்காங்கம்மா, புள்ள வேணாம்னு. வெச்சதுலேந்து ரத்தமா போவுது. என்னால முடியலம்மா."

அம்மாவுக்குக் காது மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு ஆண் குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கிலோமீட்டர் கேட்டம்மா" என்றது.

சரவணன் வாயில் வைத்த கவளத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனியா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனை நோக்கிக் கத்தினாள். "அஞ்சாயிரம் மைல் ஆயா!"

7

அம்மா கோயிலை விட்டு வெளியே வந்து, பஸ்ஸு நிற்கிற இடத்து வேப்பமரத்தடியிலிருந்து திரும்பக் கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கோயில் வாசலில் மானத்தை வாங்கியிருக்கிறேன், புள்ளை வேணாம் என்று முடிவெடுத்ததை மறைத்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"என்னான்னும்மா சொல்றது? நீதான் பேரன் வேணும் பேரன் வேணும்ன்னு நிக்கற."

"பேரன்தாண்டி கேட்டேன். உன் ரத்தத்தையா கேட்டேன்?" அம்மா அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "அந்தக் கருமத்த எடுத்துடச் சொல்லு" என்றாள்.

"டாக்டரு இன்னும் மூணு மாசம் பாக்கலாங்கறாங்கம்மா."

"அது யாரு கையிலடி இருக்குது? உன் கையிலதான இருக்குது? அப்பறம் அவங்க என்னா பாக்கறது?"

இரண்டு டாக்டர், நர்ஸ், எல்லாம் படித்த கணவர், இத்தனை பேரில் ஒருவரும் சொல்லாததை அம்மா சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"பிராது கட்டிட்டியாம்மா?"

"கட்டாம வருவனா? எழுதனத கிழிச்சிப் போடச் சொல்லிட்டு வேற எழுதச் சொன்னேன். என் பொண்ணு ரத்தம் நிக்கணும், அந்தப் பாரம் அவ தலையிலேந்து எறங்கணும்னு. யாரு மேல பிராதுன்னு கேட்டாங்க. மாப்பிள்ள பேரச் சொல்லிட்டேன்."

"அய்யோ அம்மா!"

"என்னா அய்யோ? உங்கப்பாருக்கும் அந்தக் காலத்துல நர்ஸம்மா வூடு தேடி வந்து சொன்னாங்க, ஆம்பளைக்குப் பண்ணிக்கறது சுளுவுன்னு. சூளையாண்ட நிக்கற வேல, தெம்பு போயிடும்னாரு. நான் என்னா பல்லக்குலயா போயிட்டிருந்தேன்? உன் தம்பி பொறந்த கையோட என்னதான் படுக்க வெச்சாங்க. ஒவ்வொரு வூட்லயும் இதே கதையா?" பஸ் வந்துவிட்டது. "மாப்பிள்ளயோட அப்பா பேரு, தெரு பேரு எல்லாம் சரியா குடுத்திருக்கேன். போயிட்டு அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

சரவணனிடம் சொன்னேன். நம் ஊர்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் வருஷா வருஷம் மூடநம்பிக்கை பற்றி மைக் பிடிக்கிற ஆள் அவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"என் பேருலயா?"

"ஆமாங்க."

"இனிஷியலோடயா?"

மருந்துச் சீட்டை நம்பாத மனுஷன், டாக்டர் சொன்னால் அதை அப்படியே நம்பிய மனுஷன், மனைவி அழுதால் மட்டும் நம்பாத மனுஷன், மணவாளநல்லூரில் தன் பெயர் வேலில் தொங்குகிறது என்றதும் தண்ணீர் குடித்தார். விருத்தாசலத்தானை எங்கே கொண்டுபோய் நட்டாலும் கொளஞ்சியப்பர் பிராது என்றால் ஒரு நடுக்கம் இருக்கும். அடுத்த வாரம் பனியில் வழுக்கி விழுந்தார். அதற்கடுத்த வாரம் அவர் பாஸ் செய்த டைல் ஒரு லோடு பொத்தலோடு திரும்பி வந்தது.

அம்மா பேசிய சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே நான் நேராகக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வரவேற்பறைப் பெண் கம்ப்யூட்டரில் அந்தப் போன் டாக்டர் எழுதிய பழைய குறிப்பைப் பார்த்து, உங்களுக்கு இரத்தப்போக்கு நின்றுவிட்டதாக இருக்கிறதே டக் என்றாள். இல்லை, இப்போதும் போய்க்கொண்டிருக்கிறது, எடுக்கும்வரை இந்த நாற்காலியில்தான் உட்காரப் போகிறேன், நாற்காலித் துணி வெளிர் நிறம் என்றேன். ஹெவி, ஓவர் எதுவும் தேவைப்படவில்லை. மதியத்துக்குள் ஒரு நர்ஸ் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, குச்சியை இழுத்து எடுத்து ஒரு தட்டில் போட்டாள். இவ்வளவு அற்பமான சாமானா என்னை இந்தப் பாடு படுத்தியது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரத்தில் இரத்தம் நின்றது. கோபம் வடியக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒருநாள் இனியா பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாள். பையைப் போட்டுவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, தோசை இருக்கா என்றாள்.

8

சரவணன் தானாகவே ஆம்பளைகளுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினார். ராஜ மரியாதை. அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, படம் போட்டு விளக்கி, நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா, யோசித்தீர்களா, மனசுக்குச் சரிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் கையில் குச்சியைச் செருகும்போது இத்தனை கேள்வி யாருக்கும் எழவில்லை. அவருக்குக் கொடுத்த காகிதத்தில் பக்க விளைவுகள் நாலே வரி. லேசான வீக்கம், கொஞ்சம் வலி. அதைப் படித்துவிட்டு வெளுத்துப்போய், "பக்க விளைவெல்லாம் இருக்கும்போல இருக்கே அரசி" என்றார்.

"சிலருக்கு வரலாம்னுதாங்க போட்டிருக்கு" என்றேன்.

நேற்று முடிந்தது. அதனால்தான் இந்தச் சோபாவும் பட்டாணியும். காலையிலிருந்து கஞ்சி கேட்கிறார், தலையணை கேட்கிறார், இப்படி இழுத்துப் பிடிப்பது சகஜம்தானா என்று போனில் தேடிக்கொண்டே இருக்கிறார். குமுதா, உன் தலைவலிக்கு எனக்குத் தெரிந்த பக்க விளைவில்லாத மருந்து இது ஒன்றுதான். உன் வீட்டுக்காரருக்குச் சொல்லிப் பார். கேட்கவில்லை என்றால், பெண்ணாடத்திலிருந்து மணவாளநல்லூருக்குத் தூரம் ரொம்ப இல்லை.

சற்று முன் அம்மா கூப்பிட்டாள். "மாப்பிள்ளைக்கு முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதும்மா. நல்லா இருக்காரு."

"பேரன் ஆச வுட்டுடுச்சின்னு நெனைக்காத. உன் தம்பிக்கு வரப்போறவள கேட்டுக்கறேன்." அந்தப் பெண் யாரோ, எங்கே இருக்கிறாளோ, பாவம். "அப்ப நாளைக்கே போயி பிராத ராஜினாமா பண்ணிட்டு வந்துடறேன்."

சரவணன் பட்டாணியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். "பண்ணிடச் சொல்லு அரசி. மொதல்ல பண்ணிடச் சொல்லு."

எனக்குக் காகிதத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்தாலும் உடனே பலன் இல்லை. பிறகு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள்.

"இருக்கட்டும்மா" என்றேன். "டெஸ்ட் ரிசல்ட்டு வரட்டும். மூணு மாசம் பொறுத்துப் பாப்போம்."

"சரிடி" என்றாள் அம்மா. "அதுவரைக்கும் தொங்கட்டும்."